கன்னிக்குட்டிக்கு முயல் பழக்குவது எப்படி?

கேள்வி, 2024 ஜூன் 8

என்னிடம் ஏழு மாதக் கருங்கன்னிப் பெட்டைக்குட்டி இருக்கிறது. கன்னி நம் தெற்குச்சீமை வேட்டைநாய். பெயர் சிட்டு. சாத்தூர் பக்கம் ஓர் ஊரில் வாங்கினேன். தாயும் தகப்பனும் முயல் பிடித்தவை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் இது பட்டாம்பூச்சியையும் பறக்கிற பிளாஸ்டிக் பையையும்தான் விரட்டுகிறது. போன வாரம் காட்டுக்குக் கூட்டிப்போனேன். பத்தடி தூரத்தில் முயல் கிளம்பி ஓடியது. இது என் காலடியில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது. முயலுக்குப் பழக்குவது எப்படி? பண்ணை முயல் வாங்கி முன்னால் விடலாம் என்கிறார்கள். முயல் ரத்தத்தைச் சோற்றில் பிசைந்து கொடு என்றும் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில், 2024 ஜூன் 9, காலை

முதலில் கசப்பை முடித்துவிடுகிறேன் தம்பி. காட்டு முயலைப் பிடிப்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முயல் அட்டவணை 4இல் இருக்கிறது. வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. நாயை விட்டு விரட்டுவதும், விரட்டப் பார்ப்பதும்கூட அந்தச் சட்டத்தின் பிரிவு 2(16)படி வேட்டைதான். ‘சும்மா ஓடவிட்டேன் சார், பிடிக்கவே இல்லை’ என்பதெல்லாம் செல்லாது. தை மாதம் பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள்: நாலு பேர், நாலு நாய், தரையில் கிடத்திய முயல், பின்னால் காக்கிச் சட்டை. அந்தப் படத்தில் நிற்க ஆசை என்றால் மேலே படிக்க வேண்டாம்.

ஏழு மாதக் குட்டி முயலைக் கண்டுகொள்ளவில்லை என்பது குறையே இல்லை. கன்னிக்கு விரட்டக் கற்றுத்தர யாராலும் முடியாது, தேவையும் இல்லை. ஒருநாள் அதற்குக் கண் திறக்கும். அன்றோடு உங்கள் தூக்கம் போய்விடும். கற்றுத்தர வேண்டியது ஒன்றுதான், கூப்பிட்டால் திரும்பி வருவது. அதற்கு உங்களுக்கு இருக்கும் நேரம் இந்தச் சில மாதங்கள்தான். காது சொறிந்துகொண்டிருக்கும்போதே ஆரம்பியுங்கள்.

பண்ணை முயல் வேண்டவே வேண்டாம். அதற்கு ஓடத் தெரியாது, விட்ட இடத்தில் உட்கார்ந்து நடுங்கும். அதைக் கடித்துப் பழகிய நாய் அடுத்து பக்கத்து வீட்டுக் கோழியைக் கடிக்கும். மிருகவதைச் சட்டம் தனி.

2024 ஜூன் 9, இரவு

காலையில் கொஞ்சம் விறைப்பாக எழுதிவிட்டேன். நானும் போனவன்தான்.

1986, 87இல் கோவில்பட்டிக்குக் கிழக்கே தாய்மாமா ஊரில் இருந்தேன். சட்டம் அப்போதும் இருந்தது, எங்கள் ஊர் பஸ்ஸில் மட்டும் ஏறவில்லை. மாசி பங்குனியில் சோளம் அறுத்து முடிந்ததும் கரிசல்காடு தாளோடு கிடக்கும். விடியும் முன்னால் நாலு பேர் இருபது தப்படி இடைவெளி விட்டு வரிசையாக நடப்போம். முயல் வளை தோண்டாது. ஒரு தாள் தூரில், ஒரு மண்கட்டி ஓரத்தில் உடம்பு அளவுக்குச் சின்னப் பள்ளம் பறித்துப் படுத்திருக்கும். மிதிக்கிற தூரம் வரும்வரை அசையாது. அப்புறம் காலுக்கடியிலிருந்து வெடித்துக் கிளம்பும். நாற்பது வருடம் ஆகப்போகிறது, அந்தத் திடுக்கிடல் இன்னும் உடம்பில் இருக்கிறது.

மாமா நாயைச் சங்கிலியில் பிடிக்கமாட்டார். பெல்ட் வளையத்துக்குள் கயிற்றை நுழைத்து இரண்டு முனையையும் கையில் வைத்திருப்பார். ஒரு முனையை விட்டால் கயிறு உருவிக்கொண்டு வரும், நாய் போய்விடும். ஆனால் முயல் கிளம்பியதும் விடமாட்டார். நாய் இரண்டு காலில் நின்று திமிறும். இவர், “போகட்டும், போகட்டும்” என்று முனகிக்கொண்டே நிற்பார். முயல் நூறடியாவது போக வேண்டும். சின்ன வயதில் அதை முயலுக்குக் காட்டுகிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது, கிட்டத்தில் விட்டால் குட்டி நாய் முதல் திருப்பத்திலேயே வேகம் அடங்காமல் குப்புற விழும்.

எப்போதும் இரண்டு நாய். கருப்பி என்று ஆறு வயதுப் பெட்டை, கூட ஓர் இளங்கடுவன். கடுவன் நூல் பிடித்தமாதிரி முயலின் வாலுக்கு நேராக ஓடும். முயல் சட்டென்று வெட்டித் திரும்பும், கடுவன் நாற்பது அடி தாண்டிப் போய்த்தான் நிற்கும். கருப்பி பாதி வேகத்தில் பின்னால் வந்து, முயல் திரும்பும் பக்கம் குறுக்கே போகும். முயலுக்குப் பின்னங்கால் நீளம், அதனால் மேட்டில் ஏறினால் நாய் தோற்கும். இறக்கத்தில்தான் நாய்க்கு வாய்ப்பு. இது முயலுக்கும் தெரியும், நேரே கண்மாய்க் கரையைப் பார்த்துத்தான் ஓடும். பத்துக்கு எட்டுத் தடவை முயல்தான் ஜெயித்தது. ஊருக்குள் வந்து சொல்லும்போது கணக்கு மாறும்.

அந்தக் கடுவனுக்கு மாமா என்ன பழக்கினார் என்று இன்று முழுக்க யோசித்தேன். முயல் விஷயத்தில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் கேப்பைக்கூழ்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சீழ்க்கை அடிப்பார். நாய் எங்கிருந்தாலும் வரும். பழக்கம் முழுவதும் அந்தச் சட்டியில்தான் இருந்திருக்கிறது.

2024 ஜூன் 11

அமெரிக்காவில் பீகிள் வைத்திருக்கும் ஒருவர், நான் சொல்வது தப்பு, முயல் நாய்க்குப் படிப்படியாகப் பழக்கத்தான் வேண்டும், வாசனைத் தடம் இழுத்துவிட்டு அதில் ஓடவிட வேண்டும் என்கிறார். அவர் நாய்க்கு அது சரி. பீகிள் மூக்கால் வேட்டையாடுகிற நாய். அங்கே உள்ள பஞ்சுவால் முயல் வீட்டைவிட்டு ரொம்ப தூரம் போகாது, வட்டம் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே வரும். பீகிள் தடத்தை மோந்துகொண்டு, குரைத்துக்கொண்டு, நிதானமாகப் பின்னால் வரும். துப்பாக்கிக்காரன் நின்ற இடத்தில் நின்றுகொண்டு அந்தக் குரலைக் கேட்டே முயல் எங்கே வருகிறது என்று கணக்குப் போடுவான். நாய் முயலைத் தொடவே வேண்டாம். குட்டி தடத்தை விட்டுவிட்டு மான் பின்னால் ஓடாமல் இருப்பதுதான் அவர்களுக்குப் பெரிய பாடம்.

கன்னி கண்ணால் வேட்டையாடுவது. கண்ணை விட்டு முயல் மறைந்தால் பாதி நாய்கள் நின்று அக்கம்பக்கம் பார்க்கும், அவ்வளவுதான். சத்தமும் கிடையாது. குரைத்துக்கொண்டே ஓடும் கன்னியைப் பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.

2024 ஜூன் 12

அட்டவணை 4 என்று எழுதியது பழைய கணக்கு. 2022இல் சட்டத்தைத் திருத்தி ஆறு அட்டவணையை நாலாகக் குறைத்துவிட்டார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. முயல் இப்போது அட்டவணை 2. மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். திருத்திச் சொன்ன வக்கீல் நண்பருக்கு நன்றி. முயலுக்கு மரியாதை கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூன் 14

‘என் நாய் ஒரே நாளில் ஏழு முயல் பிடித்தது’ என்று எழுதியவருக்கு: ஏழுக்கும் மூன்றே காலா?

தம்பி என்னை அண்ணாச்சி என்று எழுதியிருக்கிறார். சரி, இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

2024 ஜூன் 23

சிட்டுக்குத் திரும்பி வரப் பழக்குவது பற்றிக் கேட்டாய். நான் வெள்ளச்சிக்குச் செய்ததைச் சொல்கிறேன். வெள்ளச்சி என் பால்கன்னி, அதாவது வெளிர் நிறக் கன்னி. இப்போது பதினொரு மாதம்.

ஒரு விசில் வாங்கு. வாயால் அடிக்கும் சீழ்க்கை கோபத்தில் ஒரு மாதிரி, பயத்தில் ஒரு மாதிரி வரும். விசிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. முதல் இரண்டு வாரம் தட்டு வைக்கும்போது மட்டும் மூன்று ஊது. வேறு எதற்கும் ஊதாதே. குட்டிக்கு அந்தச் சத்தம் என்றால் சோறு என்று ஊறிப்போக வேண்டும். அப்புறம் வீட்டுக்குள், அப்புறம் வாசலில், அப்புறம் முப்பதடிக் கயிறு கட்டிக் காட்டில். வந்ததும் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அவித்த முட்டை போதும். வந்த நாயைக் கயிற்றில் கட்டி வீட்டுக்கு இழுத்துப்போகாதே. பத்துத் தடவை வந்தால் ஒன்பது தடவை முட்டையைக் கொடுத்துவிட்டு ‘போ, விளையாடு’ என்று விட்டுவிட வேண்டும். விசில் என்றால் ஆட்டம் முடிந்தது என்று அது ஒருதடவை கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் உனக்கும் அதற்கும் நடுவில் எப்போதும் முப்பதடி இருக்கும்.

தாமதமாக வந்தாலும் அடிக்காதே. இதை எழுதுகிற கை அடித்த கைதான்.

இவ்வளவும் செய்து, ஒன்பதாம் மாதத்தில் வெள்ளச்சிக்குக் கண் திறந்தது. முயலைப் பார்த்து இல்லை, வெள்ளாட்டுக்குட்டியைப் பார்த்து. குட்டி துள்ளி ஓடியது, இவள் போனாள், நான் விசிலை ஊதி ஊதிக் கன்னம் வலித்ததுதான் மிச்சம். கடி சின்னதுதான், ஆனால் குட்டி பிழைக்கவில்லை. 4,500 ரூபாய் கொடுத்தேன். ஆட்டுக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு, “கட்டிப்போட்டு வளர்க்க வேண்டிய நாயை எதுக்கு வளக்கீக?” என்று கேட்டார். கேள்விக்குப் பதில் இன்னும் என்னிடம் இல்லை.

அதனால் விசிலோடு இதையும் செய்: தினமும் ஆட்டுமந்தை ஓரமாகக் கயிற்றில் பிடித்து நடத்திக் கூட்டிப்போ. ஆடு ஓடும் பொருள் இல்லை, நிற்கும் பொருள் என்று கண்ணுக்குப் பழக வேண்டும். நான் இதைப் பின்னால்தான் செய்தேன்.

2024 ஜூன் 24

பெல்ட் பற்றி விட்டுப்போனது. கன்னிக்கு மண்டை குறுகல், கழுத்து பருமன். கடையில் விற்கிற ஒல்லி பெல்ட் பின்னால் நடந்தால் காதோடு கழன்று வந்துவிடும். நாலு விரல் அகலத் தோல்பட்டை தைத்துப் போடு.

2024 ஜூலை 19

ஒருவருக்குத் தனியாக எழுதும்போது ‘பத்து மாதத்தில் ஓடவிடலாம்’ என்று சொல்லியிருந்தேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

வெள்ளச்சி இந்த மாதம் முன்னங்கால் வைக்க நொண்டினாள். முள் என்று நினைத்து விளக்கெண்ணெய் தடவி இரண்டு நாள் கழித்தேன். மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு மணிக்கட்டை அழுத்திக் காட்டினார். எலும்பின் முனையில் வளர்கிற பகுதி இன்னும் குருத்தாகவே இருக்கிறது, கால் நீளமான நாய்க்கு அது இறுக ஒரு வருடமாவது ஆகும், சிலதுக்கு அதற்கு மேலும். அதற்குள் கூர்மையான திருப்பத்தில் வேகமாக ஓடவிட்டால் இப்படித்தான். ஆறு வாரம் கயிற்றுநடை மட்டும்.

பார்க்க வளர்ந்துவிட்டது போல் இருப்பதுதான் இந்த நாயின் மோசம். பத்து மாதத்தில் உயரம் முழுசாக வந்துவிடுகிறது, நாமும் பெரிய நாய் என்று நினைத்துவிடுகிறோம். தானாக வீட்டுவாசலில் குதித்து விளையாடினால் விளையாடட்டும். நீ ஏவி ஓட்டுவதைப் பதினைந்து மாதத்துக்குத் தள்ளிப் போடு. மாமா காலத்தில் யார் பார்த்தார்கள் என்று கேட்பாய். மாமா வீட்டில் மூன்று வயதுக்குள் நொண்டியாகிப்போன நாய்கள் இருந்தன. கதையில் கருப்பி மட்டும்தான் வருகிறாள்.

2024 ஆகஸ்ட் 18

முயல் இல்லாமல் எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சாக்குத்துணி.

சின்னக் குட்டிக்கு மூங்கில் கம்பு, நுனியில் ஆறடிக் கயிறு, கயிற்றில் ஒரு துண்டுச் சாக்கு. தரையோடு இழு. தூண்டில்காரன் மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றலாம். ஐந்து நிமிடம் போதும், கடைசியில் பிடிக்க விட்டுவிட வேண்டும். ஒருநாளும் பிடிபடாத சாக்கை நாய் மதிக்காது.

வளர்ந்த நாய்க்குக் கம்பு போதாது. வெளிநாட்டில் இதையே பெரிதாகச் செய்கிறார்கள். 1970களில் கலிபோர்னியாவில் ஆரம்பித்தது. வயலில் கப்பிகள் அடித்து, வளைந்து வளைந்து போகும் கயிற்றில் வெள்ளைப் பிளாஸ்டிக் பையைக் கட்டி, கார் ஸ்டார்ட்டர் மோட்டாரால் இழுப்பது. இங்கிலாந்தில் 2005 வரை நிஜ முயலை விட்டுப் பந்தயமே நடத்தினார்கள், சட்டம் போட்டு நிறுத்தியபின் அங்கேயும் பலருக்குப் பிளாஸ்டிக் பைதான். கேள்வியில் நீ எழுதியிருந்தாயே, சிட்டு பிளாஸ்டிக் பையை விரட்டுகிறது என்று! உன் குட்டி அப்போதே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

வெள்ளச்சி நொண்டுவதற்கு முன்னால் நான் பட்டறையில் ஒரு பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் ரிம்மில் டயரைக் கழற்றிவிட்டு நைலான் கயிற்றைச் சுற்ற வைத்தேன். பெடலைக் கையால் சுற்றினால் இருநூறடிக்கு அப்பால் உள்ள சாக்கு நம்மைப் பார்த்து ஓடி வர வேண்டும். வந்தது. வெள்ளச்சியும் வந்தாள். நடுவழியில் சாக்கை முந்திவிட்டு, நின்று, திரும்பி, அது வந்து சேரும்வரை காத்திருந்து வாயில் எடுத்துக்கொண்டாள். கையால் எவ்வளவு சுற்றினாலும் மணிக்கு 20, 25 கிலோமீட்டருக்கு மேல் வராது. நாய் அதற்கு இரண்டு மடங்கு போகும்.

அடுத்து பைக்கை சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்திப் பின்சக்கரத்தில் சுற்றினோம். மகன் ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டு, “ஸ்பீடு பூஜ்யம்னு காட்டுதுப்பா” என்கிறான். ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்தில் அல்லவா இருக்கிறது. சரி, இரண்டாம் கியரில் சத்தத்தை வைத்தே ஓட்டிப் பழகிவிட்டோம்.

2024 ஆகஸ்ட் 19

மேலே உள்ளதைப் படித்துவிட்டு யாரும் இன்றைக்கே பைக்கை நிறுத்த வேண்டாம். சக்கரத்துக்கு முன்னால் தகரத் தடுப்பு வைக்காமல் செய்யாதீர்கள், நாய் வருகிற வேகத்தில் கம்பிக்குள் தலையை விட்டுவிடும். சாக்கு வந்து சேர ஐம்பதடி இருக்கும்போதே என்ஜினை அணைத்துவிட வேண்டும். ஓடும் நைலான் கயிறு கத்தி. என் வலது ஆள்காட்டி விரலில் அதன் கையெழுத்து இருக்கிறது. நாயின் கால் இடுக்கில் பட்டால் தோல் கிழியும். இரண்டு நாயை ஒன்றாக விடாதீர்கள், சாக்குக்குச் சண்டை போடும்.

2024 செப்டம்பர் 1

இதை முதல் குறிப்பாக எழுதியிருக்க வேண்டும். வெயில்.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பு வேர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்க வேண்டும். அதன் இயல்பான சூடு 101, 102 டிகிரி பாரன்ஹீட். நாலு நிமிட ஓட்டத்தில் அது ஏறுவதைக் கையால் தொட்டாலே தெரியும். 106ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. நம் பக்கத்தில் காலை ஏழு மணிக்கு மேல் ஓடவிடவே கூடாது. நாக்கு அகலமாகி ஓரம் சுருண்டு, நடை தள்ளாடினால் காத்திருக்காதே. நிழலுக்குத் தூக்கிப்போய் வயிறு, தொடை, பாதம் எல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறு, ஊற்றிக்கொண்டே டாக்டரிடம் போ. ஈரத்துணியைப் போர்த்திவிட்டுச் சும்மா இருக்காதே, துணி சூடாகிப் போர்வை ஆகிவிடும்.

வயிறு நிறைய வைத்தும் ஓட்டாதே. நெஞ்சுக்கூடு ஆழமான நாய்க்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும், சில மணி நேரத்தில் நாய் போய்ச் சேர்ந்துவிடும். காலையில் வெறும் வயிறு. ஓடி முடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். ஒரு மணி நேரம் கழித்துக் கூழ்.

2024 செப்டம்பர் 1, இரவு

வேட்டையை எதற்கு விட்டீர்கள் அண்ணாச்சி, சட்டத்துக்குப் பயந்தா என்று கேட்டாய். ஆமாம் என்று எழுத வசதியாக இருக்கிறது. அது பொய்.

2009 பங்குனி. செவலை என்று ஒரு கடுவன் வைத்திருந்தேன், மூன்று வயது. என் கையில் வளர்ந்ததில் அதைப்போல் ஓடியது வேறில்லை. நாலு காலும் ஒன்றாக மண்ணை விட்டு எழும்பும், மடங்கி ஒருதரம், நீண்டு ஒருதரம். பார்க்கும்போது தரை தேவையில்லையோ என்று தோன்றும். பக்கத்து ஊர்ப் புஞ்சையில் ஒரு முயல் கிளம்பியது. விட்டேன். முயல் ஒரு கருவைப் புதரைச் சுற்றி இடது பக்கம் வெட்டியது. புதருக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறு. பல வருடமாக இறைக்காத பாழுங்கிணறு. முயலுக்கு அந்த இடம் தெரியும், ஓரத்தோடு திரும்பிவிட்டது. செவலைக்கு முயல் மட்டும்தான் தெரியும்.

அறுபது அடி. தண்ணீர் இல்லை.

ஊர்க்காரர்கள் கயிறு கட்டி ஆளை இறக்கி எடுத்துக் கொடுத்தார்கள். ஒருவர்கூட, எங்கள் காட்டில் எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். வரப்பில் உட்கார்ந்திருந்தபோது அந்த முயல் கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தது என்று மச்சான் பின்னால் சொன்னான். நான் பார்க்கவில்லை. அவன் கதைக்காகச் சேர்த்ததாகவும் இருக்கலாம்.

அதனால்தான் சாக்கு இழுக்கும் இடத்தை முதல்நாள் முழுசாக நடந்து பார் என்று சொல்வேன். கிணறு, வெடிப்பு, பன்றிக்குப் போட்ட கரண்டு வேலி, சுருக்குக் கம்பி. கோடையில் கரிசல் வெடிப்பில் நம் காலே முழங்கால்வரை போகும்.

2024 அக்டோபர் 6

கன்னியும் சிப்பிப்பாறையும் ஒன்றா வேறா என்று ஆரம்பித்துவிட்டார்கள். இருபது வருடமாக டீக்கடையில் முடியாத வழக்கு இங்கே முடியப்போவதில்லை. கறுப்பு மேலும் கண்ணுக்கு மேல் பொட்டும் காலில் செம்பழுப்பும் என்றால் கன்னி, ஒரே நிறத்தில் சாம்பலாகவோ மஞ்சளாகவோ இருந்தால் சிப்பிப்பாறை என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஒரே ஈத்தில் இரண்டு நிறமும் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் இரண்டு கட்சியும் என்னை அடிக்க வரும். கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் கன்னி என்று பெயர் வந்தது என்கிறார்கள். என் கல்யாணத்துக்குக் கிரைண்டர்தான் வந்தது.

2005இல் தபால்துறை நாட்டு நாய்க்குத் தபால்தலை போட்டபோது நம்மூரிலிருந்து ராஜபாளையத்துக்குத்தான் இடம் கிடைத்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னதும் குட்டி விலை எகிறியது. வாங்கினவர்களில் பாதிப் பேர் அபார்ட்மெண்ட்காரர்கள். அடுத்த வருடமே ‘இலவசமாகக் கொடுக்கிறோம், ரொம்ப ஓடுகிறது’ என்று விளம்பரம் வந்தது. ஓடாமல்?

2024 டிசம்பர் 8

மழை முடிந்து மூன்று வாரம். உளுந்தும் பாசியும் கணுக்கால் உயரம் நிற்கிறது. நெருஞ்சி முள் எல்லாப் பாதையிலும். ஓட்டம் நிறுத்தியாயிற்று, நடை மட்டும். வெள்ளச்சிக்குப் பதினாறு மாதம் முடிந்துவிட்டது, நொண்டல் போய்விட்டது.

நேற்று ஓடைக்கரையில் கயிறு இல்லாமல் நடந்துகொண்டிருந்தாள். என் தப்புதான். கோரைப்புல்லுக்குள்ளிருந்து முயல். கறுத்த பிடரி தெரிகிற கிட்டத்தில். வெள்ளச்சியின் முதல் நிஜ முயல். அவள் எப்போது கிளம்பினாள் என்று பார்க்கவே இல்லை, பார்த்தபோது இருபது அடிக்கு அந்தப்பக்கம் இருந்தாள்.

விசில் சட்டைப்பையில். எடுக்கிற அந்த ஒரு நொடி எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நின்று பார்த்தேன். முயல் வலது பக்கம் வெட்டியது, இவள் சறுக்காமல் கூடவே திரும்பினாள். சாக்கில் பழகிய திருப்பம். மாமா இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு, “போகட்டும்” என்றிருப்பார். பிறகு ஊதினேன். மூன்று.

வந்துவிட்டாள் என்று எழுதினால் நீங்கள் கை தட்டுவீர்கள். முதல் ஊதலுக்கு வரவில்லை. முயல் கரையேறிக் கருவைக்குள் போய் மறைந்த பிறகு, அவள் கரைமேல் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொரு தடவை ஊதினேன். அப்போது திரும்பிப் பார்த்தாள். வந்தாள். முட்டை கொண்டுபோகவில்லை. பையில் இருந்த பிஸ்கட்டைக் கொடுத்தேன், மோந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டாள்.

ஆக என் இத்தனை மாதப் பழக்கத்தின் கணக்கு இது: முயல் கண்ணில் இருக்கும்வரை விசிலுக்குக் காது கிடையாது. மறைந்தபின் உண்டு. ஜூன் மாதம் நான் எழுதிய தோரணையைக் கொஞ்சம் குறைத்துப் படித்துக்கொள்ளுங்கள். சட்டப்படி பார்த்தால் நேற்று நானும் குற்றவாளிதான். கயிறு இல்லாமல் இனி ஓடைப்பக்கம் போவதில்லை.

2024 டிசம்பர் 9

சிட்டுக்கு யாரோ முயல் குடல் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்கிறாய். யார் என்று கேட்கமாட்டேன். பூச்சிமருந்து கொடு. முயலின் வயிற்றுக்குள் நீர்க்கொப்புளமாக இருப்பது நாயின் குடலில் நாடாப்புழுவாக வளரும். ரத்தச்சோறு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கேட்டிருந்தாய், நான்தான் பதில் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

2025 பிப்ரவரி 2

சிட்டுக்குப் பதினைந்து மாதமாகி, தம்பி ஸ்டார்ட்டர் மோட்டாரே வாங்கிவிட்டார். 12 வோல்ட் பேட்டரி, நாலு கப்பி, ஒரு முழு வட்டம். வீடியோ அனுப்பினார். முதல் நாள் சிட்டு சாக்கு பின்னாலேயே பறந்தது. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் முதல் திருப்பம் வரை ஓடியது, நின்றது, சாக்கு போகிற திசையைப் பார்த்தது, குறுக்கே நடந்துபோய் மூன்றாம் கப்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. சாக்கு அங்கே வந்ததும் எழுந்து வாயில் எடுத்துக்கொண்டது.

‘அண்ணாச்சி, இது சோம்பேறி நாயா?’

கருப்பி கடைசி இரண்டு வருடம் இதையேதான் செய்தாள் தம்பி. இளநாய்கள் முயலைச் சுற்றிச் சுற்றி ஓடும், அவள் கண்மாய்க் கரை ஏறுகிற இடத்தில் போய் நின்றுகொள்வாள். கப்பியை ஓட்டத்துக்கு ஓட்டம் இடம் மாற்றி அடி. சிட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போது அடிக்காதே.